சமையலறைப் படியிலிருந்து ஏரி வரை

"இந்தக் கால்வாய் குளிர்காலத்துல உறையுமா?"

படகில் ஏறுகிற பயணிகளில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. அம்மா பின்னால் நின்று கழி ஊன்றிப் படகைத் தள்ள, லோப்கே முன்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றிக்காட்டுவாள். பதிலும் அவள்தான் சொல்வாள்.

"ஓ, உறையுமே! அப்ப இதே வழியா சறுக்கிக்கிட்டே போகலாம். காற்றாலை, தேவாலயம், ஏரி எல்லாம் பார்த்துட்டு வரலாம்."

"அப்படியா! நீ போயிருக்கியா?"

லோப்கே இதுவரை ஒரு முறைகூடப் போனதில்லை. உடனே, "அதோ, நாரை!" என்று வேறு பக்கம் கை காட்டிவிடுவாள். பல நேரம் அங்கே நாரையே இருக்காது.

நெதர்லாந்தில் அவளுடைய ஊர், நிலத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்கும் ஊர். அவள் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படிகள். கீழே வாய்க்கால். வாய்க்கால் ஊர்க் கால்வாயில் சேரும், கால்வாய் ஏரியில் சேரும்.

"நான் உன் வயசுல இந்தப் படியிலதான் உட்கார்ந்து, பனியில சறுக்குற ஸ்கேட் காலணியை மாட்டுவேன். கால் மண்ணுல படாமலே ஏரி வரைக்கும் போயிடுவேன். அங்கே பட்டாணி சூப் விப்பாங்க" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் லோப்கேவுக்கு நெஞ்சு ஏங்கும். அவள் பிறந்த பிறகு வந்த குளிர்காலமெல்லாம் மழையும் சகதியுமாகவே போயின. அவள் நகரத்துச் செயற்கைப் பனி அரங்கில் வட்டம் சுற்றித்தான் சறுக்கப் பழகினாள். வட்டம் சுற்றி எங்கே போய்ச் சேர்வது?

இந்த வருடம் குளிர் உண்மையிலேயே வந்தது.

முதல் நாள் காலையில் வாய்க்காலின் மேல் கண்ணாடி போட்டதுபோல ஒரு மெல்லிய தகடு. மறுநாள் அது வாத்தைத் தாங்கியது. ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. கடைகளில் பேச்சு பனியைப் பற்றித்தான். சனிக்கிழமை ஏரிக்குச் சறுக்குப் பயணம் என்று அறிவித்தார்கள். அன்று இரவே மழை என்று வானொலி சொன்னது. ஆக, கிடைக்கப்போவது ஒரே ஒரு பகல்.

படகு போனால் பனி உடைந்துவிடும். அதனால் சிறுவர்கள் முறை வைத்துப் பாலத்தில் காவல் இருந்தார்கள். 'பனி வளர்கிறது. படகு வேண்டாம்' என்று பலகை வைத்தார்கள். லோப்கே தன் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.

"நீ முறைச்சுப் பார்த்தா அது வேகமா வளராதுடி" என்றான் அண்ணன் சீம்.

"நான் ஒண்ணும் முறைக்கல. பார்த்துக்கறேன்."

"மூக்கைத் தொட்டுப் பாரு. அதுதான் முதல்ல உறைஞ்சிருக்கு."

வியாழன் மதியம் யான்னி அத்தை வந்தார். ஊரின் பனியைச் சோதிப்பது அவர் வேலை. துளை போட்டு, அளவுகோலை விட்டு, உதட்டைப் பிதுக்கினார். "யாரும் இறங்காதீங்க. இன்னும் ரெண்டு ராத்திரி போகணும். யாரும் தொடாம விட்டா சனிக்கிழமை தாங்கும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"ம்மே... மே..."

கால்வாய்க்கு அப்பால் இருந்த மேய்ச்சல் தீவின் ஓரத்தில், நாணல் புதருக்குள் ஓர் ஆடு நின்றது. வயிற்றில் குட்டி சுமந்த ஆடு. முன்கால்களைப் பனியில் வைப்பதும் எடுப்பதுமாகத் தவித்தது.

ஆட்டுக்காரர் ஆரி மாமா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, அது என்னுது! உறையறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் தீவிலேருந்து படகுல ஏத்திட்டு வந்தேனே!"

"எண்ணிப் பார்த்தீங்களா?" என்றார் யான்னி அத்தை.

ஆரி மாமா நெளிந்தார். "குளிர் வருதுன்னாங்க. ஸ்கேட்டைச் சாணை பிடிக்கிற அவசரத்துல..."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. எல்லோருமே இரண்டு நாளாக அடுப்பில் பாலை மறந்தவர்கள்தான்.

நடந்து போனால் பனி உடையும். ஆடு இன்னும் நாலடி முன்னால் வந்தால் தண்ணீருக்குள் போய்விடும். ஆரி மாமாவின் இரும்புப் படகுதான் வழி. அது போனால் கால்வாய் முழுக்கக் கிழிந்துவிடும். சனிக்கிழமைப் பயணமும் போய்விடும்.

"போங்க, ஆரி. உயிர் முக்கியம்" என்று யான்னி அத்தை மெதுவாகச் சொன்னார். காவலுக்கு நின்ற பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பையன் அழவே தொடங்கிவிட்டான்.

அங்கே நின்றவர்களில் லோப்கேவுக்கு மட்டும் இன்னொரு வழி தெரியும். கோடையில் பறவை பார்க்க வருபவர்களை அம்மாவும் அவளும் கூட்டிப்போகிற வழி. அக்கரையில் இருக்கும் அவர்கள் வீட்டு வாய்க்கால், கால்வாயைக் கடக்காமலே நாணலுக்குள் வளைந்து வளைந்து தீவின் பின்பக்கம் போகும். அகலம் போதாததால் வேறு யாரும் அங்கே படகு விடுவதில்லை. அவர்களுடைய தட்டையான மரப்படகு மட்டும் போகும்.

ஆனால் அந்தப் படகு நிற்பது வாய்க்கால் கால்வாயில் சேரும் இடத்தில். அங்கிருந்து கிளம்பினால் சமையலறைப் படியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பனி முழுக்க உடையும். மறுபடி உறைந்தாலும் கரடுமுரடாகத்தான் உறையும்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஏரிக்கு எவரும் போக முடியாது. ஆரி மாமா படகுக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"மாமா, இருங்க!" லோப்கே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "எங்க வாய்க்கால் வழியா போகலாம். நான் வழி காட்டறேன்."

சீம் அவளைத் திரும்பிப் பார்த்தான். "ஏய், நம்ம படி..."

"தெரியும்டா" என்றாள் லோப்கே.

அம்மா வீட்டிலிருந்து ஓடி வந்து கழி ஊன்றினாள். ஆரி மாமா முன்னால் நின்று மரச்சுத்தியால் பனியை உடைத்தார். சமையலறைப் படி வந்தபோது லோப்கே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அப்படியும் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாராவது கேட்டால் குளிர்காற்று என்று சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை.

"இடது பக்கம், அம்மா. அந்த வளைஞ்ச மரத்துக்கிட்ட. இப்ப மெதுவா."

தீவின் பின்பக்கம் இறங்கி, நாணலுக்குள் நுழைந்து, ஆட்டைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். அது நன்றி சொல்லவில்லை. லோப்கேவின் கையுறையைக் கடித்து மென்றது.

"திருட்டுக் கழுதை!" என்று ஆரி மாமா அதைக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கால்வாய் கெட்டியாக உறைந்திருந்தது. யான்னி அத்தை மணி அடித்துச் சம்மதம் சொன்னார். அந்தச் சத்தம் வீடு வரை கேட்டது. லோப்கே சறுக்குக் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாலம் வரை நடந்து போய், எல்லோரையும்போல அங்கே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏரியைப் பார்ப்பாள், சூப் குடிப்பாள். அது போதும் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை.

சமையலறைக் கதவைத் திறந்தாள்.

படியிலிருந்து கரையோரமாகக் கம்பளங்கள்! ஒரு பச்சை நடைவிரிப்பு, யாரோ குளியலறையில் போட்டிருந்த மிதியடி, பூப்போட்ட பழைய கம்பளம், அதற்கப்பால் இன்னும் பல, கால்வாய் வரைக்கும். பனி உடைந்த இடங்களில் சறுக்குகிறவர்கள் கரையேறி, காலணியைக் கழற்றாமலே நடந்து தாண்டுவார்கள். காலணியின் அடியில் உள்ள இரும்பு மழுங்காமல் இருக்கக் கம்பளம் விரிப்பது அந்த ஊர் வழக்கம். ஆனால் ஒரே ஒரு வீட்டுக்காக இவ்வளவு தூரம் யாரும் விரித்ததில்லை.

கடைசிக் கம்பளத்தை ஆரி மாமா மண்டியிட்டு நீவிக்கொண்டிருந்தார். சிவப்பு நிறம், புத்தம் புதியது.

"இது உங்க கூடத்துக் கம்பளமாச்சே!" என்று கூவினாள் லோப்கே.

"உஷ்! என் வீட்டுக்காரி இன்னும் எழுந்திரிக்கல."

"படியிலிருந்து கிளம்பணும்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே?"

"உங்க அம்மா சொன்னா" என்றார் ஆரி மாமா. "எனக்கும் சொன்னா, யான்னிக்கும் சொன்னா, ரொட்டிக் கடையில நின்னவங்க எல்லாருக்கும் சொன்னா."

அம்மா ஒன்றும் நடக்காததுபோலப் படியில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையிலும் ஒரு பழைய ஜோடி ஸ்கேட் இருந்தது.

"நகர்ந்து உட்காருடி. எனக்கும் இடம் வேணும்ல?"

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு கட்டினார்கள். அவசரத்தில் லோப்கேவின் முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்துபோனது. பிறகு வாத்து நடை நடந்து, பச்சையைத் தாண்டி, பூப்போட்டதைத் தாண்டி, சிவப்புக் கம்பளத்தின் முனைக்கு வந்தாள். முன்னால் கால்வாய் வெள்ளையாக நீண்டு கிடந்தது.

ஒரு காலை எடுத்து வைத்தாள். பனி தாங்கியது.

"லோப்கே! நான் வர்ற வரைக்கும் நில்லுடி!" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

லோப்கே நிற்கவில்லை. அவள் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.