எதிர் நாற்காலி

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் பள்ளிவாசல் எஸ்டேட்டில் இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் ஆனி மழை மூட்டத்தில் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக் கிடந்தது. அங்கே ஒரு பங்களாவில் பெரியவர் ஒருவருக்குத் துணையாளாக இருந்துகொண்டு, மாதம் தவறாமல் எங்கள் ஊர் வடகரப்பதிக்கு வந்துபோகிற என் தம்பி ராக்கப்பன் கொஞ்ச காலமாக வரவே இல்லை. மூணாறு சந்தையில் அவனைப் பார்த்த எங்கள் ஊர் லாரிக்காரர் குப்பண்ணன், ஆளே அடையாளம் தெரியவில்லை என்று சொன்னார். அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டேன்.

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. பால்காரர் ஒழுங்காகப் பால் ஊற்றும் நாளில்தான் எனக்கு அதிகமாகச் சந்தேகம் வரும். குடியா, கஞ்சாவா, பொம்பளையா என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே தேயிலைக்கு நடுவில் ஏறினேன். பெற்றவர்கள் போன பிறகு அக்காவாக இருந்து நான் வளர்த்த பிள்ளை அவன். எனக்கு வேறு யாரும் இல்லை.

பங்களா பழையது. சுவரெல்லாம் பாசி, உள்ளே ஈரக் கம்பளியின் வாசம். சமையல்காரி சாந்தம்மாள் கதவைத் திறந்தாள். தம்பி எங்கே என்று கேட்டதற்குக் கூடத்தின் பக்கம் விரலைக் காட்டினாள்.

டொக்.

கொஞ்சம் விட்டு, மறுபடியும் டொக்.

திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மூலையில் ஒரு டி.வி. பெட்டி எரிந்துகொண்டிருந்தது. கறுப்புத் திரையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. புள்ளி கோட்டில் முட்டி முட்டித் திரும்பியது. பிரம்பு நாற்காலியில் ராக்கப்பன், கையில் ஒரு குமிழ். அதைத் திருகத் திருக அவன் பக்கத்துக் கோடு மேலும் கீழும் போயிற்று. கன்னம் ஒட்டிப்போய், கண் சிவந்து, இமைக்கக்கூட இல்லை. குமிழ் தேய்த்துக் கட்டைவிரல் வெடித்திருந்தது.

"ஏண்டா ராக்கப்பா, எந்திரி சாமி. ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையல்கட்டில் சாந்தம்மாள் மெதுவாகச் சொன்னாள். பங்களாக்காரர் துரைசுவாமி, எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சிங்கப்பூரிலிருந்த மகன் டி.வி.யையும் அந்த விளையாட்டையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இந்த மலையில் டி.வி.யைப் போட்டால் கொசுக் கூட்டம்தான் தெரியும். விளையாட்டு மட்டும் வேலை செய்தது. வாதத்தில் வலது கை விழுந்துவிட்டதால் பெரியவர் இடது கையால் குமிழைத் திருகுவார். எதிரில் ராக்கப்பன். தினமும் சாயங்காலம் இருவருக்கும் அதுதான் பொழுது.

போன மாதம் மண் சரிந்து ரோடு அடைபட்ட அன்று பெரியவர் செத்துப்போனார். மகன் வரும்வரை உடலைக் கூடத்தில் வைத்துக் காத்தது ராக்கப்பன் ஒருவன்தான். எழவு வீட்டில் தூங்காமல் இருக்கச் சீட்டாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒற்றை ஆள் யாரோடு சீட்டாடுவது? அவன் இந்தப் பெட்டியைப் போட்டிருக்கிறான். ஒரு குமிழைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பெரியவரின் இடது கைப்பக்கம் வைத்திருக்கிறான்.

"செத்தவுகளை ஆட்டத்துக்குக் கூப்புடலாமாத்தா?" என்று கிசுகிசுத்தாள் சாந்தம்மாள். "ஆட்டம் முடியுமுன்னயே ஐயாவத் தூக்கிட்டுப் போயிட்டாக."

எனக்கு அவள் மேல்தான் சந்தேகம் வந்தது. அவள் கொடுத்த காப்பியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

எஸ்டேட் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். இருட்டு அறையில் இப்படி வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் மூளைக்கு ஓய்வு ஏது என்றார். தூக்கம் கெட்டால் கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், கடைசியில் வலிப்பு வரும். இன்னும் சில நாள் இப்படியே போனால் உயிருக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். தூங்க ஊசி போட்டுவிட்டுப் போனார். அவர் பேச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது. பேயை ஊருக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்க்க முடியாது. தூக்கமில்லாத தம்பிக்குப் பார்க்கலாம்.

ஊசி வேலை செய்தும் அவன் குமிழை விடவில்லை.

"எடம் காலியாகக் கூடாதுக்கா" என்றான் குழறலாக. "அவரு காத்துக்கிட்டிருப்பாரு."

"நான் ஒக்காந்துக்கறேன். நீ போய்ப் படு."

அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறைவரை நடக்க அவனுக்குத் தெம்பில்லை. தள்ளாடிப் போய் எதிர் நாற்காலியில் விழுந்து அப்படியே தூங்கிவிட்டான்.

"அது ஐயா நாக்காலி" என்றாள் வாசலில் நின்ற சாந்தம்மாள். நான் முறைத்ததும் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

புள்ளி என் பக்கம் வந்தது. சும்மா திருகினேன். முட்டித் திரும்பி அந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கத்துக் குமிழ் தரையில் கிடந்தது. தம்பியின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

கோடு நகர்ந்தது.

டொக்.

யாரோ ஒளிந்துகொண்டு ஆட்டுகிறார்கள் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் போனேன். சுவர்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். திரை சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்தது.

அணைந்த பிறகு ஒரு டொக் கேட்டது.

மறுநாளே தம்பியோடு பஸ் ஏறிவிட்டேன். ஊரில் நன்றாகத் தூங்கினான், சாப்பிட்டான். கண் தெளிந்தது, கடலைக்காட்டுக்குக்கூடப் போனான். டாக்டர் சொன்னதுதான் சரி என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குப்பண்ணன் லாரியில் மலைக்குப் போய்வந்து, சாந்தம்மாள் சொல்லிவிட்டதாக ஒரு சேதி சொன்னார். பங்களாவில் சத்தம் அடியோடு நின்றுவிட்டதாம். இப்போது அங்கே யாருமே இல்லையாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மட்டும் நான் எதையும் சந்தேகப்படவில்லை.

நேற்று மத்தியானம் தம்பி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் வலது கை விரல்கள் முறத்தின் விளிம்பைத் தானாகத் திருகிக்கொண்டிருந்தன. சில நாளாகவே இப்படித்தான். நரம்புத் தளர்ச்சி என்று நினைத்திருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

கட்டிலுக்கு வெளியே அவனுடைய இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ திருகின. இடது கையால் ஒரு கல்கூட எறியத் தெரியாதவன் ராக்கப்பன்.

என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவன் விரல்களும் நின்றன.

கண்ணைத் திறக்காமலே, எங்கள் வீட்டில் யாரும் பேசாத நிதானமான பேச்சில் அவன் சொன்னான்.

"இடத்தை விட்டு எழுந்திருக்காதேம்மா."

என் தம்பி என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.