சீட்ல ஆள் இருக்கு!

செல்போன் அலறியது.

வேரா ஸாவட்ஸ்கி திடுக்கிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு யாரும் போன் செய்வதில்லை. சனிக்கிழமையும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஆபீஸ் விஷயம் தவிர அவளுக்கு யாருமே போன் செய்வதில்லை.

கனடாவின் ரெஜைனா நகரத்தில் ஒற்றை அறை ஃப்ளாட். மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. ஒரு கிண்ணம் சூப்.

"ஹலோ?"

"வேரா மேடமா? நான் சார்ஜென்ட் கார்னெட். வில்லோ பெண்ட் போலீஸ். அறுவடை மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதறது நீங்கதானே?"

"ஆமா... என்ன விஷயம்?"

"உங்க சாஃப்ட்வேர் ஒரு ஆளைக் கொன்னுடுச்சு மேடம்!"

சூப் கிண்ணம் மடியில் கவிழ்ந்தது. சுட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

*

கோதுமை... கோதுமை... கோதுமை!

அதைத் தவிர வானம். நடுவே ஒரு சிவப்பு அறுவடை மெஷின், பாதி அறுத்த வயலில் அநாதையாக நின்றது. அதன் வாயில், உருளைக்கும் கத்திக்கும் நடுவே, காய்ந்த ரத்தம்.

சார்ஜென்ட் கார்னெட் மலை மாதிரி இருந்தார். கையில் காபி.

"செத்தவர் பேரு ஓரெஸ்ட். அறுபத்து மூணு வயசு. சம்சாரம் போய்ச் சேர்ந்தாச்சு. தனி ஆள். மெஷின் வாயில வைக்கோல் சிக்கிக்கிச்சு. உருளை சுத்தாம அப்படியே நின்னுடுச்சு. இறங்கி வந்து கையால இழுத்தார்... சிக்கு விட்டுச்சு... உருளை சுத்துச்சு... அவ்வளவுதான்!"

"இன்ஜினை அணைக்காமலா இறங்கினார்?"

"இந்த ஊர்ல எவன் அணைக்கறான்? சீட்டை விட்டு எழுந்தா எல்லாம் தானா நின்னுடும். அந்த தைரியம்! ஓரெஸ்ட் ஆயிரம் தடவை அப்படி இறங்கியிருப்பார். ஆயிரம் தடவையும் நின்னுச்சு. அன்னிக்கு நிக்கல. சீட்ல ஆள் இருக்குன்னே மெஷின் நினைச்சுக்கிட்டிருந்துச்சு!"

"இப்போ?"

"இப்போ நேர்மாறு. நானே ஏறி உக்காந்து பார்த்தேன். சீட்டையும் காணோம், ஆளையும் காணோம்குது! இவ்வளவு பெரிய ஆள் உக்காந்திருக்கேன்... என்னைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல மேடம்!"

வேரா சிரிக்கவில்லை.

அந்த மெஷினுக்குள் சின்னச் சின்னதாய் ஏகப்பட்ட கருவிகள். இன்ஜினுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் ஒவ்வொன்றும் 'இந்த நம்பர் என்னுது!' என்று கூவி ஒரு நம்பரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. மனிதர் யாரும் தலையிட வேண்டாம்... தானாகவே நடக்கும். அப்படி நடக்க வேண்டிய சட்டதிட்டத்தை எழுதியவள் வேரா.

கல்யாணம் இல்லை. குழந்தை குட்டி இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் பெற்று வளர்த்தது அது ஒன்றைத்தான்.

அந்தப் பிள்ளை கொலைகாரனா?

"மேடம்... சாஃப்ட்வேர் தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க. விபத்துன்னு எழுதி ஃபைலை மூடிடறேன். கம்பெனி பார்த்துக்கும்."

"என் தப்புன்னா நானே சொல்வேன் சார்ஜென்ட். கொஞ்சம் பொறுங்க."

பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆண்கள் போடும் நீல ஓவரால் அணிந்த பெண்மணி இறங்கினாள். அறுபது வயதிருக்கும். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் மூடி போட்ட பாத்திரம்.

"பெர்னிஸ். பக்கத்துப் பண்ணை. புருஷன் செத்த நாள்லேர்ந்து தானே உழுது, தானே ரிப்பேர் பண்ணி... இந்த ரோட்டுல கெட்டிக்காரி இவதான்," என்றார் கார்னெட் மெதுவாக. "ஓரெஸ்டுக்கு வயலுக்கே சாப்பாடு கொண்டு வருவா. அன்னிக்கும் கொண்டு வந்தா. முதல்ல பார்த்ததும் அவதான். பாவம்."

பெர்னிஸ் வேராவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

எவ்வளவோ காலமாக யாரும் வேராவிடம் கேட்காத கேள்வி அது.

"இ... இல்ல."

"மாவுக்குள்ள உருளைக்கிழங்கு வச்சு அவிச்ச பெரோகி. சூடா இருக்கு, தின்னு. நாளைக்கு ஊரே மெஷினோட வருது. ஆள் செத்தா அவன் பயிரை அக்கம்பக்கம் சேர்ந்து அறுத்துத் தரணும். நான்தான் எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கேன்."

"அறுத்து யாருக்குக் குடுக்கப் போற?"

வேலிக்கு அந்தப்புறமிருந்து ஒரு கரகரத்த குரல். ஒல்லியாக ஒரு கிழவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டெல்!" என்று அதட்டினார் கார்னெட். "செத்தவனைப் பத்தி..."

"உள்ளதைச் சொன்னா வலிக்குதா? பரம்பரை பரம்பரையா பக்கத்து நிலம். எனக்கு வித்துடான்னு கெஞ்சினேன். எவனோ வெளியூர்க் கம்பெனிக்கு வித்துட்டு, அறுவடை முடிஞ்சதும் கடற்கரையில மக வீட்டுக்குக் கிளம்பறதா இருந்தான். நல்லா வேணும்!"

துப்பிவிட்டுப் போய்விட்டார்.

வேரா சார்ஜென்டைப் பார்த்தாள். "அன்னிக்கு அவரும் இங்க வந்தாரா?"

"பெர்னிஸ் ரேடியோவில அலறினதும் முதல்ல ஓடி வந்தது அவன்தான்... இன்ஜினை அணைச்சதும் அவன்தான்!"

*

மெஷினின் கேபினில் ஏறி, லேப்டாப்பை வயரில் கோர்த்தாள் வேரா.

எண்கள் ஓடின. இன்ஜின்... இருந்தது. கத்தி... இருந்தது. சீட்டின் நம்பர்?

காலி!

சீட்டுக்கு நம்பர் கிடைக்கவில்லையா? அப்படியானால் சட்டத்தில் ஓட்டை. அவள் எழுதிய சட்டம். அவள்தான் கொலைகாரி...

இல்லை. இருங்கள்!

பட்டியலின் கடைசியில், யாருமே குடியிருக்காத நம்பர்களுக்கு நடுவே, ஏதோ ஒன்று தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

'ஆள் இருக்கு... ஆள் இருக்கு... ஆள் இருக்கு...'

வேரா எழுந்து நின்றாள்.

'ஆள் இல்ல... ஆள் இல்ல... ஆள் இல்ல...'

உட்கார்ந்தாள். 'ஆள் இருக்கு!'

சீட் சாகவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் வீடு மாறி உட்கார்ந்திருக்கிறது. மற்ற கருவிகளெல்லாம் பழைய நம்பரில் காது வைத்துக் காத்திருக்க, இது எங்கோ ஒரு மூலையில் யாரும் கேட்காத சத்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருக்கிறது.

வேராவுக்கு அந்தத் தீப்பெட்டி அளவு கருவியைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அவளுக்கும் அதே பிழைப்புதான்.

"சார்ஜென்ட்! ஏறி வாங்க!"

மெஷின் ஒரு பக்கம் சாய, அவர் ஏறினார்.

"ரெண்டு கருவி ஒரே நம்பர் கேட்டா, ஃபாக்டரியிலயே ஒவ்வொண்ணுக்கும் குத்தற பிறப்பு எண் பார்ப்போம். மூத்ததுக்குத்தான் வீடு. இளையது பெட்டியைக் கட்டிக்கிட்டு வேற காலி நம்பருக்குப் போயிடணும். அடுத்த தடவை சாவி போட்டாலும் புது நம்பருக்குத்தான் போகும். தினம் தினம் சண்டை வரக் கூடாதுன்னு நான் வச்ச சட்டம்."

"சரி?"

"இந்த சீட் வேற நம்பர்ல உக்காந்திருக்கு. தானா போகாது. யாரோ துரத்தியிருக்கணும்! ஆனா துரத்தினவன் இப்போ இங்க இல்ல!"

கார்னெட்டின் காபி பாதி வாயில் நின்றது.

"அப்படின்னா..."

"ஒரு பழைய சீட் கருவி. எப்பவும் 'ஆள் இருக்கு'ன்னு பொய் சொல்ற மாதிரி ரெண்டு கம்பியை முறுக்கிவிட்டு, யாரோ இங்க மாட்டியிருக்காங்க. அது மூத்தது. வீட்டைப் பிடுங்கிக்கிச்சு. ஓரெஸ்ட் இறங்கினார்... மெஷினுக்குத் தெரியல... செத்தார். அப்புறம் அதைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இது விபத்து இல்ல சார்ஜென்ட். கொலை!"

"டெல்!" என்று உறுமினார் கார்னெட். "இன்ஜினை அணைக்கறேன்னு ஏறினவன் கழட்டிட்டான்!"

"அவசரப்படாதீங்க. தன்னைத் துரத்தினவனோட பிறப்பு எண்ணை இந்த சீட் மறக்கல. இதோ!"

திரையில் ஒரு நீளமான எண் ஒளிர்ந்தது.

"யாரோட மெஷின் அது?"

"பழைய கருவி. நாலு கை மாறியிருக்கும். கம்பெனியில கேட்டா தெரியாது." வேரா உதட்டைக் கடித்தாள். "ஆனா இது அறுவடைக் காலம். சீட் கருவி இல்லாம எந்த மெஷினும் அறுக்காது. கழட்டினவங்க அதைத் தூக்கி எறிஞ்சிருப்பாங்கன்னா நினைக்கறீங்க?"

கார்னெட் மெல்லப் புன்னகைத்தார்.

"திருப்பி மாட்டியிருப்பாங்க. நாளைக்கு ஊர் மெஷின் எல்லாம் இங்கதானே வருது!"

*

மறுநாள்.

வயல் முழுக்க மெஷின்கள் வரிசை கட்டி நின்றன. செத்தவனுக்காகத் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் மௌனம். பிறகு காபி. பிறகு வேராவின் அறிவிப்பு.

"எல்லா மெஷினுக்கும் இன்னிக்கு சாஃப்ட்வேர் புதுசாக்கித் தரேன். இலவசம்!"

இலவசம் என்றதும் விவசாயிகள் முண்டியடித்தார்கள். வேரா ஒவ்வொரு மெஷினாக ஏறினாள்... வயரைக் கோர்த்தாள்... எண்ணைப் பார்த்தாள்... இறங்கினாள்.

இல்லை.

இதுவும் இல்லை.

டெல்லின் மெஷின்.

"கையை வச்சே, நடக்கிறதே வேற!" கிழவர் படியில் குறுக்கே நின்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"ஏன் டெல்? எதை மறைக்கறே?" கார்னெட் நெருங்கினார்.

"ஒ... ஒண்ணுமில்ல! என் மெஷின், என் இஷ்டம்!"

"ஒண்ணு, வழி விடு. இல்லேன்னா என்னோட வண்டியில ஏறு!"

டெல் பல்லைக் கடித்தபடி விலகினார். வேரா ஏறினாள். கோர்த்தாள். பார்த்தாள்.

இரண்டு நிமிஷம் கழித்து, விநோதமான முகத்துடன் தலையை வெளியே நீட்டினாள்.

"இவர் இல்ல சார்ஜென்ட்."

"அப்புறம் எதுக்கு இந்த ஆட்டம்?"

"இவர் போட்டிருக்கிறது பூரா திருட்டு சாஃப்ட்வேர்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டெல்லின் காது சிவந்தது. "கம்பெனி ரிப்பேருக்கு ஆள் அனுப்பறதுக்குள்ள ஆலங்கட்டி மழை வந்துடுது! வேற என்ன செய்யச் சொல்றே?"

சிரிப்பினூடே ஒரு அன்பான குரல்.

"என்னோடதை விட்டுட்டியேம்மா. சீக்கிரம் முடி. சாப்பாடு ஆறுது."

பெர்னிஸ்!

வேரா அவள் மெஷினில் ஏறினாள். பழசு. துளி தூசி இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து இருக்கையில் பெரோகி பாத்திரம்.

வயரைக் கோர்த்தாள்.

சீட்டின் பிறப்பு எண் திரையில் வந்தது.

வேரா ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

அதே எண்!

நிமிர்ந்தாள். படியில் பெர்னிஸ் நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"ஏன்... ஏம்மா?"

பெர்னிஸ் ஓரெஸ்டின் சிவப்பு மெஷினைப் பார்த்தபடி பேசினாள். குரலில் நடுக்கமே இல்லை.

"எங்க ரோட்டுல ரெண்டே விளக்கு. ஒண்ணு அவனுது, ஒண்ணு என்னுது. சமையல்கட்டு ஜன்னல் வழியா அந்த விளக்கைப் பார்த்துட்டுத்தான் படுப்பேன். அவன் மக வீட்டுக்குப் போறேன்னான். கூட வரியான்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேக்கல. பாத்திரத்தைக் கழுவிக் குடுத்துட்டு, 'ரொம்ப தேங்க்ஸ் பெர்னிஸ்'னான்."

"அதுக்காகவா?"

"போனா திரும்ப வரமாட்டான். செத்தா சர்ச் கல்லறையில இருப்பான். நான் நடந்தே போய்ப் பார்க்கலாம்." அவள் தோளைக் குலுக்கினாள். "போன வருஷம் அவன் சீட் கோளாறுன்னு என்னோடதைக் கழட்டி அதுல மாட்டிப் பார்த்தேன். பழசு வந்ததும் புதுசு ஒதுங்கிக்கிச்சு. கடைசியில கம்பெனி ஆள் வந்து அவனுக்கு வேற கருவி போட வேண்டியதாச்சு. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். இந்தத் தடவை முந்தின ராத்திரி மாட்டினேன்... சாப்பாடு கொண்டு வந்தப்போ கழட்டி எடுத்துட்டுத்தான் ரேடியோவில அலறினேன்."

"அந்தக் கருவியைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே? அகப்பட்டிருக்க மாட்டீங்களே!"

பெர்னிஸ் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எறிஞ்சுட்டு? அவன் பயிரை எப்படி அறுக்கறது? செத்தவன் வயலுக்கு மெஷின் இல்லாம வந்து நின்னா ஊர் என்ன பேசும்?"

பெர்னிஸ் ஒரு படி மேலே ஏறினாள்.

"நீயும் தனிக்கட்டைதானே? நேத்து நீ தின்ன வேகத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். உனக்குப் புரியும்."

"புரியுது," என்றாள் வேரா. "அதான் பயமா இருக்கு."

*

பெர்னிஸ் தானாகவே போய் போலீஸ் வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பெரோகியை எல்லாருக்கும் பங்கு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். யாரும் அதைத் தொடவில்லை.

வேரா சிவப்பு மெஷினில் ஏறி, அந்தச் சின்ன சீட்டுக்கு அதன் பழைய நம்பரைத் திருப்பிக் கொடுத்தாள். 'ஆள் இருக்கு' என்றது அது. இந்தத் தடவை எல்லாக் கருவிகளும் கேட்டன. இனிமேல் எந்த மூத்தவன் வந்தாலும் சீட்டை மட்டும் துரத்த முடியாது... ரெஜைனா திரும்பியதும் முதல் வேலையாகச் சட்டத்தை மாற்றிவிட வேண்டும். பிள்ளை கொலைகாரன் இல்லை. ஆனால் கொஞ்சம் ஏமாளியாக வளர்த்துவிட்டாள்.

இறங்கியபோது டெல் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஏய்... கம்பெனிக்காரி. அந்த சாஃப்ட்வேர் விஷயத்தை..."

"நான் எதையும் பார்க்கல."

"ம்... என் வீட்டுல சூப் இருக்கு. ருசி சுமார்தான். ஆனா மேஜைக்கு நாலு நாற்காலி இருக்கு. மூணு சும்மாத்தான் கிடக்கு."

வேராவின் கண்கள் கலங்கின. தலையாட்டினாள்.

அதற்குள் போலீஸ் வண்டியிலிருந்து 'பீப்... பீப்... பீப்...' என்று விடாமல் ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பிதுங்கிக்கொண்டிருந்த கார்னெட், ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மேடம்! பின்சீட்ல ஆள் இருக்கு, பெல்ட் போடலைன்னு என் வண்டி கத்துது. இதுவாவது உண்மையா... இல்ல, ஒரு எட்டு வந்து பிறப்பு எண்ணைப் பார்த்துடறீங்களா?"