நிறம் வராத தண்ணீர்

ஹோஸிலிருந்து பீறிட்ட பழுப்புத் தண்ணீர் முழுவதும் கேத்தரின் மேல்தான் அடித்தது.

சுடிதார், பின்னல், கையில் வைத்திருந்த சோதனைக் குழாய்... எல்லாம் நனைந்துவிட்டன.

"ஐயையோ! அங்க எதுக்குங்க நின்னீங்க?" மோட்டார் அறைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. துப்பட்டாவைப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள்.

"நான் தெனமும் இங்கதாங்க நிப்பன். தண்ணி டெஸ்ட் பண்றது என் வேலை" என்றாள் கடைசியில்.

"ஃபில்டர் கழுவும்போது யாரும் ஹோஸ் பக்கம் வரக்கூடாதுங்க."

"அதை முன்னாடியே சொல்லணுமில்லீங்களா?"

"சொன்னனே. தண்ணி விடறன்னு கத்துனன்."

"யார்கிட்ட?"

உள்ளே ஸ்பேனர் கீழே விழும் சத்தம்.

"...மோட்டார்கிட்டதான்."

அவன் வெளியே வந்தான். அப்போதுதான் தூறல் தொடங்கியது. குளத்தின் அடியில் அடைத்திருந்த இலைகளை எடுக்க முங்கியிருப்பான் போல. கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. இமைகளில் தண்ணீர். இப்போதுதான் அழுது முடித்தவன் மாதிரி இருந்தான்... ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேத்தரின் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் கண்ணைக் கழுவுங்க. கேன் தண்ணி அங்க இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

இண்டூர் சாலையில் இருந்த அந்தக் குடியிருப்பில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு நீச்சல் குளம். வேதியியல் படித்த கேத்தரினுக்கு அங்கே வேலை. காலையில் தண்ணீரைச் சோதித்து, தேவையான மருந்தைக் கலக்க வேண்டும். அவன் பெயர் அறிவழகன். மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்தவன். குடியிருப்புச் சங்கத் தலைவர் கிருஷ்ணப்பனின் அக்கா மகன். அப்பா இறந்த பிறகு அவர் வீட்டிலேயே வளர்ந்தவன்.

அந்த நாட்களில்தான் குளத்தில் ஒரு கோளாறு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை குளத்தில் இறங்குகிற எல்லோருக்கும் கண் எரிந்தது. தோல் அரித்தது. ஒரு மாமியின் கறுப்பு உடை சாம்பல் நிறமாகிவிட்டது. மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. ஞாயிறு மட்டும்.

"சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருப் பிள்ளைங்க எறங்குதுங்க இல்ல... வேற எப்படி இருக்கும்?" என்றார்கள் குடியிருப்புக்காரர்கள்.

அந்தத் தெரு என்பது சர்ச் தெரு. கேத்தரினின் தெரு. போன கோடையில் அங்கே ஒரு பெண் பிள்ளை ஆடு மேய்க்கப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. கேத்தரினுக்குத் தெரியும். சின்ன வயதில் முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி அப்பா கிணற்றில் இறக்கிவிட்டுக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அன்றைக்கு அவள் அங்கே இல்லை.

அதன் பிறகு சங்கத்தில் போய் நின்று, வார்த்தை வராமல் திணறி, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கினாள். தெருவின் பெண் பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தில் அதே மாதிரி கேனைக் கட்டிக்கொண்டு மிதக்கப் பழகினார்கள்.

இப்போது கிருஷ்ணப்பன் கெடு வைத்திருந்தார். "இந்த மாசக் கடைசிக்குள்ள என்ன கோளாறுன்னு தெரியணும். இல்லன்னா சனிக்கிழமை வகுப்பு கிடையாதும்மா."

ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் இருவரும் கோளாறைத் தேடினார்கள்.

அவன் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் சல்லடைக் கூடையைத் திறப்பான். வேப்பிலை, ஹேர்பின், ரப்பர் பேண்டு. ஒரு நாள் ஒரு பல்செட்டு.

"டீச்சர், இது யாருதுன்னு மீட்டிங்ல வச்சுக் கேட்டுரலாமா?"

"இங்க பாருங்க... அதைக் கீழ வைங்க மொதல்ல."

அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்ல வெட்கம். அண்ணா என்று சொல்ல... ஏனோ மனம் வரவில்லை. எல்லாவற்றையும் "இங்க பாருங்க" என்றே ஓட்டினாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றான் ஒரு நாள், ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"நெசமாவா? குளத்துல வேலை செய்யறீங்க..."

"இடுப்பளவுத் தண்ணிதானே. ஏணியை விடமாட்டன். சனிக்கிழமை வகுப்புல என்னையும் சேத்துக்குங்களேன்."

"அது பொம்பளைப் பிள்ளைங்களுக்கு."

"ஒரு ஓரமா நிக்கறன் டீச்சர். எண்ணெய்க் கேன் நானே கொண்டாறன்."

அவள் சிரித்துவிட்டாள். சத்தமாக. சிரித்த பிறகுதான் வாயைப் பொத்தினாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிவந்த கண்கள் கூடவே வந்தன.

ஆனால் கோளாறு மட்டும் பிடிபடவில்லை.

அவளுடைய சோதனை எளிது. குளத்துத் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து ஒரு மாத்திரையைப் போட வேண்டும். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிறமே வரவில்லை. குளோரின் இல்லை என்றுதானே அர்த்தம்? வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது. குளோரின் அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோனாலும் வாசனை ஏறும் என்று அவள் படித்திருந்தாள். அதனால் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். மறுவாரமும் அப்படியே. மறுவாரமும் ஊற்றினாள்.

பிள்ளைகள்மேல் அழுக்கு அவ்வளவா இருக்கிறது... என்று ஒரு நாள் அவளே நினைத்துவிட்டாள். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

மாதக் கடைசி ஞாயிறு. லேசான மழை. கேத்தரின் மாத்திரையைப் போட்டு மூடிவிட்டு, குடையைச் சரி செய்யத் திரும்பினாள்.

"அட, ரோஸா வந்துச்சே... எங்க போச்சு?" என்றான் அறிவழகன்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான். கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துச்சு, போயிருச்சு."

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"நான்..." அவன் காதுமடல் சிவந்தது. "நான் உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தன்."

இன்னொரு நாளாக இருந்தால் அவள் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஒரு வாரம் வாழ்ந்திருப்பாள். இன்று நெஞ்சு வேறு காரணத்துக்காக அடித்தது. குழாயைக் கழுவினாள். குளத்துத் தண்ணீரைக் கொஞ்சமாக எடுத்து, மிச்சத்தைக் கேன் தண்ணீரால் நிரப்பினாள். மாத்திரையைப் போட்டாள்.

செம்பருத்திச் சாறு மாதிரி நிறம் வந்தது. வந்தது... நின்றது.

"கண்டுபிடிச்சிட்டன்!" அவள் கத்தியே விட்டாள். "இங்க பாருங்க, குளோரின் இல்லாம இல்ல. ரொம்ப அதிகம்! அளவு மீறிப்போனா வந்த நிறத்தை அதுவே வெளுக்க வச்சிரும். நாம இல்லன்னு நினைப்போம். நான் வேற அது மேல பிளீச்சிங் ஊத்தி... கடவுளே! பிள்ளைங்களால இல்லீங்க. யாரோ சனிக்கிழமை சாயங்காலம் டோசிங் மிஷினைக் கூட்டி வைக்கறாங்க!"

டோசிங் மிஷின் என்பது மோட்டார் அறையில் இருந்த ஒரு சின்னக் கருவி. சொட்டுச் சொட்டாகக் குளோரினைக் கலக்கும். அதன் முகத்தில் ஒரு திருகு. எப்போதும் குறைவாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

அவள் சிரித்தபடியே நிமிர்ந்தாள்.

அவன் குழாயைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பழைய மிஷினுங்க..." என்றான் மெதுவாக. "தானாக்கூடத் திரும்பிக்கும்."

கேத்தரினும் அந்தத் திருகைப் பார்த்தாள். குழாயைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். கேத்தரின் எழுந்து நின்றாள். வார்த்தை முதலில் வரவில்லை. ஆனால் பேசினாள். இரண்டு குழாய்களில் சோதனையைச் செய்து காட்டினாள். பிள்ளைகளால் அல்ல என்றாள். யாரோ திருகைத் திருப்புகிறார்கள் என்றாள்.

"யாரோன்னா யாரும்மா?" என்றார் கிருஷ்ணப்பன்.

சுவரோரம் அறிவழகன் நின்றிருந்தான். கையில் ஸ்பேனர். அவள் அவனைப் பார்த்தாள். இப்போது சொல்வான்... இதோ... இப்போது...

அவன் ஸ்பேனரைப் பார்த்தான்.

"சொல்லும்மா. யாரு?"

"எனக்கு... தெரியலைங்க."

"மோட்டார் ரூம் சாவி உன்கிட்டயும் ஒண்ணு இருக்குது. உன் பிள்ளைங்க உள்ள பூந்து நோண்டியிருக்கும். வேற யாருக்கு இங்க அந்தப் புத்தி?"

"நான் அப்பவே சொன்னன்" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண்மணி.

வகுப்பு நின்றது. அவ்வளவுதான்... தேநீர் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை.

"வுடு பாப்பா" என்றாள் அம்மா ராஜமேரி, வீட்டில். "அவங்க தண்ணி நமக்கெதுக்கு? அவங்க கேட்டைத் தாண்டிப் போனதே பெருசு."

சனிக்கிழமை பிள்ளைகள் துண்டோடு வந்து சர்ச் வாசலில் நின்றார்கள். இனி இல்லை என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோரும் போன பிறகும் ஒருத்தி போகவில்லை.

"அக்கா... எனக்கு இன்னும் மூச்சு விட வரலியே?"

கேத்தரின் அவள் தலையைத் தடவினாள்.

அப்படியே குடியிருப்புக்கு நடந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட வேண்டும். போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. குளத்தில் யாருமில்லை. மழைத்துளிகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

அவன் மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் மழைக்குள் வந்தான்.

"நான்தாங்க" என்றான்.

"தெரியும்."

"எப்ப... எப்பத் தெரியும்?"

"அன்னிக்குக் கலர் வந்தப்போ நான் டியூபைப் பாத்தன். நீங்க திருகைப் பாத்தீங்க."

மழை பலத்தது. அவன் முகத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"மாமாதான் சொன்னாருங்க. பிள்ளைங்க ஏறுனதும் முழுசாத் திருப்பி வச்சிட்டுப் போ, நாளைக்கு நம்ம வூட்டுப் பொம்பளைங்க எறங்கணும்னு. காலையில வந்து கொறைச்சிருவன். மொதல்ல எனக்குத் தப்பாவே தெரியல. மருந்துதானேன்னு..."

"எந்த நோய்க்குங்க மருந்து?"

அவன் திரும்பி அந்த மிஷினைப் பார்த்தான்.

"முழுசா வச்சும் உங்க டெஸ்ட்ல ஒண்ணுமே வரலியா... அதனால என்னாலன்னு நான் நினைக்கவே இல்லீங்க. சத்தியமா. அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"சாயங்காலம் மீட்டிங்ல?"

"அவரு முன்னாடி எனக்கு வாய் வராதுங்க. சோறு போட்டு வளத்தவரு..."

"எனக்கும்தான் வாய் வராது" என்றாள் கேத்தரின். "அன்னிக்குப் பேசுனன்."

குளத்தின்மேல் மழை இரைந்தது.

"அப்ப என் பேரை ஏன் சொல்லல நீங்க?" அவன் குரல் உடைந்தது. "சொல்லியிருக்கலாமில்ல? தெரியும்னு சொல்றீங்க... ஏன் தெரியலைன்னீங்க?"

அந்தக் கேள்வியை அவள் ஒரு வாரமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரியும். தெரிந்துதான் தூக்கம் போயிருந்தது. பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கக் கூசியிருந்தது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தன். நான் சொல்லிட்டா... அப்புறம் நீங்க எனக்கு யாரோ ஆயிருவீங்கன்னு பயந்தன்."

"கேத்தரின்..." அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் முறை. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்குது. மொத நாளே... நனைஞ்சுபோய் நின்னுக்கிட்டு என் கண்ணைக் கழுவச் சொன்னியே... அப்பவே. இனிமே இதையெல்லாம் நான் செய்யமாட்டன்."

எத்தனை நாள் இதைக் கேட்க ஏங்கியிருக்கிறாள்... உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். ஒரே அடி.

பையில் கைவிட்டாள். சாவியை எடுக்கத்தான். விரல்களில் சோதனைக் குழாய் தட்டுப்பட்டது. அதை எடுத்துக் குனிந்து குளத்துத் தண்ணீரை மொண்டாள். மாத்திரையைப் போட்டாள்.

ரோஸ் நிறம் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

இருவரும் பார்த்தார்கள்.

"இன்னிக்கும் திருப்பியிருக்கீங்க" என்றாள்.

"அது... மாமா கடைசியா ஒருக்கான்னு..." அவன் திணறினான். "பிள்ளைங்கதான் நின்னாச்சு, குளத்தை ஒரேடியா சுத்தம் பண்ணிரலாம்னு... இதான் கடைசி... சத்தியமா..."

அவள் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். அதற்குள் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது.

"உனக்கு என்மேல ஒண்ணுமே இல்லையா?" என்றான். அந்தக் கண்கள் மறுபடியும் சிவந்திருந்தன. இந்த முறை அவன் தண்ணீரில் முங்கவில்லை.

"இருக்குது" என்றாள் கேத்தரின். "நிறைய இருக்குது. உங்களைத் தவிர வேற யாரையும் நான் இப்படி நினைச்சதில்ல... நினைக்கப்போறதும் இல்ல. ஆனா அதுல எறங்க முடியாதுங்க."

சாவியை அவன் ஈரக் கையில் வைத்தாள். விரல்கள் ஒரு கணம் பட்டன.

"உள்ள போனதும் அதைக் கொறைச்சு வைங்க" என்றாள். "நாளைக்குக் குழந்தைங்க எறங்கும்."