கரை பார்த்த கிளைகள்

வரிசையில் ஒரு கன்று கூடுதலாக இருந்தது.

இர்யா தன் வீட்டுப் படகுத்துறையின் முனையில், உறைந்த ஏரியில் வெட்டியிருந்த குழியிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் ஜனவரி வெளிச்சம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கரைத் தேவாலயத்திலிருந்து ஹொன்கலஹ்தி ஊர்த்துறைக்கு வரும் பனிப்பாதைக்கு அடையாளமாக, காட்டிலிருந்து ஊசியிலைக் கன்றுகளை வெட்டி வந்து வழிநெடுக நட்டிருந்தார்கள். நூல் பிடித்தாற்போல ஓடிய அந்த வரிசையை விட்டு விலகி, ஒரு கன்று மட்டும் அவள் வீட்டுப் பக்கமாக நின்றது.

மறுநாள் இரண்டு. வியாழக்கிழமை ஐந்து.

வருஷாவருஷம் அந்தக் கன்றுகளை நட்டவன் அவள் கணவன் ஒஸ்கரி. நவம்பரில் புது உறைபனியின் கனம் பார்க்கப் போனவனை மூன்றாம் நாள்தான் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தார்கள். ஏரியைச் சுற்றி, தரை வழியாகத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், ஊர் வழக்கப்படி, ஒரு பைன் மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்து, பட்டையைச் செதுக்கி, அவன் பெயரையும் இறந்த நாளையும் வெட்டினார்கள். வீட்டு நினைப்பு வந்து கல்லறையை விட்டுக் கிளம்பும் பிணம் அந்த மரம் வரைதான் வரும். தன் பெயர் வெட்டிய மரத்தை எந்தப் பக்கமிருந்தும் அதனால் தாண்ட முடியாது.

இர்யாவுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. ஊரோடு ஒத்துப் போகிறவள்.

அவள் மகள் ஹில்க்காவுக்கு ஏழு வயது. "பாதை திறந்ததும் உன்ன உதைவண்டியில வச்சுக் கோயில் வரைக்கும் தள்ளிட்டுப் போறேன்" என்று அப்பா சத்தியம் செய்திருந்தான். முன்னால் நாற்காலியும் கீழே இரண்டு நீள இரும்புச் சட்டங்களுமாக, பின்னால் நின்று ஒரு காலால் பனியை உதைத்து ஓட்டும் அந்த வண்டி விறகுக் கொட்டகையில் சாய்ந்தே கிடந்தது. குழந்தை தினமும் அதன் மேல் படியும் பனியைத் துடைத்து வைத்தாள். வேண்டாமென்று சொல்ல இர்யாவுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒஸ்கரியின் தம்பி தௌனோ பனிச்சறுக்கில் வந்து, காபியை ஊதி ஊதிக் குடித்தான்.

"பள்ளிக்கூடத்துப் பசங்க வேலை, அண்ணி. அதுங்களுக்கு வாலு ஒண்ணுதான் குறைச்சல்."

"கிளையப் பாத்தியா, தௌனோ?"

"கிளையில என்ன?"

"வந்து பாரு."

ஒஸ்கரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கன்றின் ஏரிப் பக்கக் கிளைகளை ஒட்ட நறுக்கிவிட்டு, கரைப் பக்கக் கிளைகளை மட்டும் விட்டுவைப்பான். பனிப்புயலில் கண் தெரியாமல் வருகிறவன் கையால் தடவியே கரை எந்தப் பக்கமென்று தெரிந்துகொள்வான். ஊரில் வேறு யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அந்த ஐந்து கன்றுகளும் அப்படித்தான் நறுக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்த கிளைகள் இர்யாவின் வீட்டை நோக்கி நீண்டிருந்தன.

தௌனோவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மரம் தரை வழியிலதானே நிக்குது" என்றான் மெதுவாக. "ஏரி வழியில ஒண்ணும் இல்லையே, அண்ணி. நாம யாருமே யோசிக்கல."

பனிப்பாதை வேண்டுமென்று ஊராட்சிக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து இர்யாவுடையது. ஹில்க்காவின் பள்ளிக்கூடம் எதிர்க்கரையில். சுற்றிப் போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர், குறுக்கே நான்கு. தன் கையாலேயே அவள் வழி திறந்துவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது கடைசிக் கன்று படகுத்துறையை ஒட்டி நின்றது. கொட்டகையிலிருந்த உதைவண்டி, வாசலில் ஏரியைப் பார்த்து நின்றது. "நீயா எடுத்தே?" என்று கேட்டதற்கு ஹில்க்கா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா? அதை நின்று கேட்க அன்றைக்கு நேரமில்லை.

தௌனோ கோடரியோடு வந்தான். துறையோரம் நின்ற பைன் மரத்தின் கிளைகளைக் கழித்து, பட்டையைச் சீவி, அண்ணன் பெயரை ஆழமாக வெட்டினான். பிசின் வாசனை குளிரில் கூர்மையாக எழுந்தது.

"இனி ஒரு அடி உள்ள வர முடியாது. நிம்மதியா சௌனாவச் சூடு பண்ணிக் குளிங்க. கோடரி இங்கயே இருக்கட்டும், நாளைக்கு வந்து கிளைய விறகாக்கித் தர்றேன்."

அவன் இருட்டுமுன் போய்விட்டான். நான்கு மணிக்கு இர்யா, குழந்தையை அடுப்பருகே ரொட்டியோடு உட்காரவைத்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்து தள்ளி நின்ற நீராவிக் குளியல் குடிலான சௌனாவுக்கு நெருப்பு மூட்டப் போனாள். இருள் தரைவரை இறங்கியிருந்தது. தூரத்தில் ஏரியின் உறைபனி விரிசல் விட்டு, ஒரு பெரிய வயிறு புரள்வதுபோல உறுமி அடங்கியது. சௌனாவின் கதவை இழுத்ததும், பழைய புகையும் பிர்ச் மரத்து இலையும் மணக்க வேண்டிய இடத்தில் சேற்று நாற்றம், நவம்பரில் அவனைக் கிடத்திய அறையில் மூக்கில் ஏறி இன்றுவரை இறங்காத அதே நாற்றம், முகத்தில் வந்து மோதியது.

மேல் பலகையில் ஈரம். அவன் எப்போதும் உட்காரும் இடம்.

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் ஒரு கன்று சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் நறுக்கியது. மறுபக்கக் கிளைகள் வீட்டு வாசலைக் காட்டின.

அவன் நேற்றே வந்துவிட்டான். மரத்தில் பெயர் வெட்டியபோது, அவன் மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தான். அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

"ஹில்க்கா!"

ஓடினாள். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பருகே கடித்த ரொட்டி. வாசலில் உதைவண்டி இல்லை. இரும்புச் சட்டங்களின் இரண்டு கோடுகள் மட்டும். அவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு உதைக்கும் ஒன்றாக, பெரிய பூட்ஸ் தடம். ஈரத் தடம். ஏற்கெனவே உறைந்துகொண்டிருந்தது.

கோடுகள் துறைக்குப் போயின. பெயர் வெட்டிய மரத்தடியில் நின்றன. திரும்பின. வீட்டைச் சுற்றின. மறுபடி மரத்துக்குப் போயின. மறுபடி திரும்பின.

சர்ர்ர். தொப். சர்ர்ர். தொப்.

வீட்டு மூலையைத் திரும்பி வண்டி வந்தது. நாற்காலியில் ஹில்க்கா. கோட்டு இல்லை. பின்னால் நின்று உதைத்த உருவம் விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே உயரமாக இருந்தது. இர்யா பாய்ந்தாள். கையில் காற்றுதான் பட்டது.

"அம்மா, அப்பாவுக்கு வழி கிடைக்கலையாம்."

வண்டி மரம்வரை போனது. திரும்பியது. அடுத்த சுற்றிலும் பாய்ந்தாள். விழுந்தாள். கத்தினாள், பக்கத்து வீடு ஒரு கிலோமீட்டர்.

"அம்மா, குளுருது."

மரத்தடியில் தௌனோவின் கோடரி. எடுத்தாள். மரத்தை வெட்டினால் வழி திறக்கும். வழி திறந்தால் அவன் தனியாகப் போகமாட்டான். சத்தியம் செய்தவன். வெட்டாவிட்டால்...

சர்ர்ர். தொப்.

இந்தச் சுற்றில் ஹில்க்கா எதுவும் பேசவில்லை. கன்னம் வெள்ளையாக இருந்தது. திறந்திருந்த கண்களின் இமைமயிரில் உறைபனி. இர்யா கோடரியை ஓங்கியபடி மரத்தின் முன் நின்றாள். ஓங்கிய கை இறங்கவில்லை. வண்டி அவளைக் கடந்து திரும்பி, வீட்டுக்குப் பின்னால் மறைந்து, மறுபடி வந்தது.