மருந்துக்கு மறுநாள்

தீவனத்தில் புழு மருந்து கலந்து போட்ட மறுநாள், பன்றிக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் செத்துக் கிடக்க வேண்டும். பல வருஷமாக முகத்தைச் சுளித்தபடி அவள் கூட்டித் தள்ளுகிற கண்றாவி அது. இன்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

கழிவைச் சுரண்டியால் கிளறிப் பார்த்தாள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தது, எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு மாதமாக ஓயாமல் இருமிய பன்றிகள் அத்தனையும் சத்தமே இல்லாமல் சுவரோரம் ஒண்டி நின்றன.

"ஒண்ணுகூட விழலைங்க," என்றாள் கணவனிடம்.

அவன் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டே சிரித்தான். "புழு விழலைன்னு கவலைப்படுற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான். வயிறு சுத்தமா இருந்திருக்கும், விடு."

"போன வாரம் அறுத்ததுல ஈரல் பூரா புழு போன வெள்ளைத் திட்டு. நீங்களும்தானே பார்த்தீங்க?"

அவன் மூட்டையோடு வெளியே போனான்.

சினைப் பன்றியைக் குட்டி போடும் அறைக்கு மாற்றுவதற்கு முன் மடியைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத புழு முட்டைகள் காம்பில் ஒட்டியிருந்து, முதல் பாலோடு குட்டியின் வாய்க்குள் போய்விடும். இன்றும் தேய்த்தாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு யாருடைய பயமோ போல எட்டி நின்றது. கொட்டகையை ஒட்டினாற்போல இருந்த வீட்டில் தூங்கும் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

எழுந்தபோதுதான் கவனித்தாள், கழிவு வாய்க்காலின் மூடி நகர்ந்திருந்தது. அங்கிருந்து ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று ஈரத்தடம், கொட்டகை வாசலைத் தாண்டி, வீட்டுப் பக்கம் போனது.

கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள்.

நடந்தாள். ஓடத் தோன்றவில்லை. படியில் பூட்ஸைக் கழற்றினாள். பழக்கம். கை கழுவினாள். அதுவும் பழக்கம்.

கதவு. ஈரம். கட்டில்.

பிள்ளை மல்லாந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது. கீழுதட்டில் வெள்ளையாக ஏதோ. பால் காய்ந்திருக்கிறது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

அது அசைந்தது. மெல்ல, அவசரமே இல்லாமல், உள்ளே போனது.

கட்டிலுக்கு அடியில் மற்றவை, ஒன்றன் பின் ஒன்றாக, தங்கள் முறைக்குக் காத்திருந்தன.