ஒரு முழம் துப்பாக்கி

தோள்பட்டை விண் விண்ணென்று தெறித்தது.

மரியதாசன் கட்டிலில் அசையாமல் கிடந்தான். மொன்றியல் துறைமுகத்தில் ஓட்டைக் கொள்கலன்களுக்கு வெல்டிங் வைத்து வைத்து, உடம்பு என்று அவனிடம் மிஞ்சியிருந்தது வலி மட்டும்தான்.

போன் அலறியது.

"தாசு... கராஜைத் திற. வாசல்லதான் நிக்கிறேன்."

சுப்புராஜ்!

மதுரைக்காரன். இங்கே மொன்றியலில் கோயில் பக்கத்தில் பூக்கடை. ஆள் குள்ளம். ஐந்தடிக்கு மேலே இருந்ததெல்லாம் தலைமுடி.

கராஜுக்குள் வந்தவன் கையில் ஒரு மிருதங்கப் பெட்டி. தோளில் கம்பளிச் சுருட்டு. சுருட்டைப் பிரித்தான்.

ரைஃபிள்.

"நாளைக்கு சாயங்காலம் பாலத்துக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்ல அரங்கேற்றம். மாடியில மண்டபம், கீழ நகைக்கடை. மிருதங்கப் பெட்டியோட ஒருத்தன் உள்ள போனா எவன்டா கேப்பான்?"

"அண்ணை... அந்தக் கடையில என்ர மனுசி வேலைக்கு நிக்கிறா."

"தெரியும். அதான் உங்கிட்ட வந்தேன். நீ வாயைத் திறந்தா மொத குண்டு யோகராணிக்கு."

மரியதாசனுக்குத் தோள்வலி மறந்துபோனது.

"நான் என்ன செய்யவேணும்?"

"இது பெட்டிக்குள்ள போகல. பின்கட்டையைக் கழட்டியும் போகல. குழலைக் குறைக்கணும்."

"எவ்வளவு?"

"இரும்பு வெட்டுறவன் நீ. நீயே சொல்லு."

மரியதாசன் குழலைத் தடவிப் பார்த்தான்.

"குறைக்கக் குறைக்க வாயால நெருப்புக் கக்கும் அண்ணை. சத்தம் காதைப் பிளக்கும்."

"சத்தம் போட்டா நல்லதுதான. பயப்படட்டும்."

"அப்ப ஒரு சாணோட நிப்பாட்டுங்கோ. மிருதங்கம் எதுக்கு? சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளயே அடங்கும்."

சுப்புராஜ் சிரித்தான்.

"என்னை மடையன்னு நெனச்சியா? வெட்டின குழல் பதினெட்டு அங்குலத்துக்குக் கீழ போச்சுன்னா அது தடை செஞ்ச ஆயுதம். கையில வச்சிருந்தாலே களிதான். பதினெட்டு இருந்துச்சுன்னு வை... எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. இதுக்குப் பதிவு இருக்கு. பாலத்துல போலீஸ் மறிச்சாலும் மான் வேட்டைக்குப் போறேன்னுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். நீ போய் என்ன சொன்னாலும் வெறும் வாய்ப்பேச்சு."

படித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

மரியதாசன் இழுப்பறையைத் திறந்து அளவுநாடாவை எடுத்தான். சுப்புராஜ் அதைத் தட்டிவிட்டான்.

"உன் டேப்பை எவன் நம்புவான்? நுனியை வெட்டி வச்சிருப்ப."

"நான் ஏன் அண்ணை வெட்டுறன்?"

"நானா இருந்தா வெட்டியிருப்பேன். தள்ளு. சின்ன வயசுல இருந்து முழம் போடுற கை இது. ஒரு முழம்னா பதினெட்டு அங்குலம். கண்ணை மூடிக்கிட்டு அளப்பேன்."

முழங்கையைக் குழலின் அடியில் ஊன்றினான். கையை நீட்டினான். கடைசி நொடியில் விரல் நுனி லேசாக மடங்கியது. பூக்கடைப் பழக்கம். அது அவனைக் கேட்டு மடங்குவதில்லை.

மடங்கிய இடத்தில் சாக்பீஸ் கோடு விழுந்தது.

மரியதாசன் கோட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான்...

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று சற்று முன்புதான் சுப்புராஜ் சொல்லியிருந்தான்.

மூடிக்கொண்டான்.

"வெட்டு."

"ஏலாது அண்ணை. தோள் சரியா நோகுது. வைஸ் இடுக்கியில பூட்டித் தாறன், நீங்கள் இழுங்கோ."

"சோம்பேறிப் பயலே..."

திட்டிக்கொண்டே ஹாக்ஸா ரம்பத்தைப் பிடித்தான் சுப்புராஜ். இழுத்தான். வேர்த்தான். முனகினான்.

"பூக் கட்டுறது இதுக்குத் தேவலைடா."

"ஓம் அண்ணை. அதையே செய்துகொண்டு இருந்திருக்கலாம்."

டங்!

துண்டு தரையில் விழுந்தது. ரைஃபிள் பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்தது.

"பாத்தியா? கச்சிதம். இடங்கூட மிச்சம்."

"ஓம் அண்ணை. மிச்சம்தான்."

மறுநாள் பின்னேரம். புரோசார்ட் போகும் பாலத்தின் வாசல்.

சிவப்பும் நீலமும் சுழன்றன. சுப்புராஜின் வேன் ஓரங்கட்டியது. போலீஸ் காரிலிருந்து இறங்கியவள் துப்பறியும் அதிகாரி கத்தரின்.

"பொன்ஜூர், மெஸ்யூ. பெட்டிக்குள் என்ன?"

சுப்புராஜ் பதறவில்லை. தானாகவே பெட்டியைத் திறந்தான். லைசென்ஸை நீட்டினான்.

"மான் வேட்டைக்கு மேடம். எல்லாம் சட்டப்படி. குழல் பதினெட்டு அங்குலம். வேணும்னா அளந்துக்கோங்க."

கத்தரின் அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

"பதினாறு."

"என்னது?"

"பதினாறு, மெஸ்யூ. கையை நீட்டுங்கள்."

"நான் வெட்டல மேடம்! தாசுன்னு ஒருத்தன்... வெல்டர்... அவன் வெட்டினது!"

"ரம்பத்தின் பிடியில் இருப்பது உங்கள் விரல் ரேகை. வெட்டிய துண்டோடு அதை அந்த வெல்டர் நேற்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். குழல் மட்டும் பதினெட்டு இருந்திருந்தால் உங்களுக்கு நல்ல வேட்டை அமையட்டும் என்று வாழ்த்தித்தான் அனுப்பியிருப்பேன்."

போலீஸ் காரின் முன்கதவு திறந்தது. மரியதாசன் இறங்கினான்.

விலங்கு மாட்டிய கையோடு சுப்புராஜ் அவன் மேல் பாய்ந்தான். கத்தரின் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய், முழம்னா பதினெட்டுடா! ஊருக்கே தெரியும்!"

"ஊராரின்ர முழம் பதினெட்டு அண்ணை. உங்கட முழம் பதினாறு. வெள்ளிக்கிழமையில என்ர மனுசி உங்களிட்டப் பூ வாங்கி வந்து, சமையல் குசினி மேசையில நாடா வைச்சு அளந்து, உங்களைத் திட்டி முடிச்சுப்போட்டுத்தான் மாதாவுக்கு வைப்பா. கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்."

சுப்புராஜ் தன் விரலைப் பார்த்தான். அது இப்போதும் லேசாக மடங்கியே இருந்தது.

"அப்ப... தோள்வலி?"

"உண்மையான வலி அண்ணை. இடப்பக்கம். ரம்பம் இழுக்கிறது வலக்கை. நீங்கள் கேக்கேல்லை."

மரியதாசனின் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. யோகராணி.

"பிடிச்சாச்சே?"

"ஓம். நீ நிம்மதியா வேலையைப் பார்."

"அவன் பக்கத்தில நிக்கிறானே? அப்ப ஒண்டு கேளுங்கோ. முழத்துக்கு ரெண்டு அங்குலம் வெட்டி வெட்டி வித்தானே, அந்தப் பூவை எப்ப தருவானாம்?"

மரியதாசன் கேட்டான்.

சுப்புராஜைக் காருக்குள் தள்ளினாள் கத்தரின். போலீஸ் கார் கதவு அறைந்து மூடிக்கொண்டது.

சட்டத்துக்கு அவன் தரவேண்டிய இரண்டு அங்குலம் அன்றே வசூலாகிவிட்டது. யோகராணிக்குத் தரவேண்டிய மல்லிகை இன்னும் பாக்கி!