சிவப்பு டின் மாத்திரை

கிளினிக் உதவியாளரான டிரஸ்ஸர் ஜெயபாலன் செருப்பைக் கழற்றக்கூட மறந்து கலியாணசுந்தரத்தின் வீட்டுக்குள் வந்தார். மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்த நேரம். அவர் மனைவி கோகிலா அப்போதுதான் சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"என் பொழப்பு போச்சு, ஐயா! பதினெட்டு வருஷ சர்வீஸ். திங்கட்கிழமை டாக்டர் லெட்டர் போட்டுடுவார். அதுக்குள்ள நான் செத்துத் தொலைஞ்சாலும்..."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது!" என்று கோகிலா அதட்டினார். "முதல்ல உட்காருங்க. கோப்பி கொண்டு வரேன்."

நாற்காலியில் சாய்ந்திருந்த தியாகு நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜாலான் பெண்டஹாரா தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன் அவன். கடையை அடைத்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். ஏதாவது ஒரு வழக்கு வந்து சேராதா என்ற நப்பாசைதான். கலியாணசுந்தரமோ போலீஸ்காரர் இல்லை. கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சோதிக்கிற அரசாங்க அதிகாரி. ஆனால் மலாக்காவில் யாருக்கு எது புரியாவிட்டாலும் 'தராசு ஐயா'வைத் தேடித்தான் வருவார்கள்.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் அவர்.

"டாக்டர் கருணாகரன் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார், ஐயா. பயம், படபடப்பு, தூக்கமில்லைன்னு வர்ற பொம்பளைங்க இருபத்து நாலு பேரு. பன்னெண்டு பேரு புதன்கிழமை வருவாங்க, அவங்களுக்கு நீல டின். மத்த பன்னெண்டு பேரு வெள்ளிக்கிழமை, சிவப்பு டின். ஒரு டின்ல மருந்து, ஒண்ணுல வெறும் மாவு மாத்திரை. தினம் ஒண்ணு சாப்பிடணும். எந்த டின்ல எதுன்னு எனக்கே தெரியாது. டாக்டர் எழுதி, உறையில போட்டு ஒட்டி வச்சிருந்தார்."

"எப்படி அளக்கறீங்க?" அளவு என்ற சொல் காதில் விழுந்தாலே கலியாணசுந்தரத்துக்கு முகம் மலர்ந்துவிடும்.

"ரெண்டு அளவு, ஐயா. முதல்ல இருபது கேள்வி. தூக்கம் வருதா, அழுகை வருதா, நெஞ்சு அடிச்சுக்குதான்னு கேட்பேன். ஒண்ணுமில்லைன்னா சைபர், ரொம்ப மோசம்னா மூணு. அடுத்தது மூளை வேகம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும். எண்ணைப் பார்த்து அதுக்குக் கீழே குறியைப் போடணும். ரெண்டு நிமிஷத்துல எத்தனை போட்டாங்கன்னு எண்ணுவேன்."

"மாத்திரை குடுக்கறதுக்கு முந்தி அளந்தீங்களா?"

"ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் ஒண்ணா அளந்தோம். அப்போ ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆறு வாரம் முடிஞ்சு இன்னிக்கு மத்தியானம் உறையைப் பிரிச்சார். சிவப்பு டின்தான் மாவு! ஆனா மாவு தின்னவங்கதான் நோயே இல்லைங்கறாங்க. முக்காவாசிப் பேருக்கு வரிசையா சைபர். கை மட்டும் மந்தம். அந்த மருந்தோட குணமும் அதேதான், ஐயா. மனசை அடக்கும், ஆளைக் கொஞ்சம் மந்தமாக்கும். நான்தான் டின்னை மாத்திட்டேன்னு டாக்டர் முடிவு கட்டிட்டார். கர்த்தர் மேல ஆணையா நான் தொடல!"

கோப்பி வந்தது. ஒரு வாய் குடித்த தியாகுவின் முகம் அஷ்டகோணலானது. "அண்ணி, சீனி..."

"அடடா, போடலையா?" கோகிலா நாக்கைக் கடித்துக்கொண்டார். "காலையிலேருந்து பச்சைத் தண்ணியில இருக்கேனா, ஒண்ணும் ஓட மாட்டேங்குது, தம்பி."

கலியாணசுந்தரம் தன் கோப்பியைக் குடிக்காமல் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "வர்றவங்களுக்குச் சாப்பிட ஏதாவது குடுக்கறதுண்டா?"

"உண்டு. பசியில வந்தா அளவு தப்பும்னு டாக்டரே மைலோ பானமும் பிஸ்கட்டும் வாங்கி வைக்கிறார். வெளி அறையில தட்டை வச்சிட்டு நான் உள்ளே போயிடுவேன்." ஜெயபாலன் முகத்தில் முதல் முறையாக ஒரு சிறு சிரிப்பு தெரிந்தது. "வெள்ளிக்கிழமையில நிறைய மிஞ்சும். என் பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம்."

"அண்ணே, ஸ்டாப் வாட்ச்!" என்று துள்ளினான் தியாகு. "அது வேகமா ஓடுதோ என்னவோ! ரெண்டு நிமிஷம் முடியறதுக்குள்ள முடிஞ்சுதுன்னு காட்டினா, எல்லாரும் மந்தமாத்தானே தெரிவாங்க?"

"நாளைக்குப் பார்த்துடு" என்றார் கலியாணசுந்தரம்.

சனிக்கிழமை காலை தியாகு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளினிக் மேசையிலேயே அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். அரை மணி நேரம் குடைந்தான். அது ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. அவனுக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்தால் கடிகாரம் அவனுக்குத் துரோகம் செய்துவிட்டது என்றே தோன்றும்.

டாக்டர் கருணாகரன் இளைஞர். பத்து வயதிலிருந்தே பள்ளி விடுதி, பிறகு சீமைப் படிப்பு என்று வளர்ந்தவர். மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார். "ஜெயபாலன் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை" என்றார் விறைப்பாக. "ஆனா எண் பொய் சொல்லாது."

"தராசும் பொய் சொல்லாதுங்க, டாக்டர். அது நிக்கிற மேசை சாஞ்சிருந்தா என்ன செய்யும்?" என்றபடி கலியாணசுந்தரம் தாள்களைப் புரட்டினார். "ரெண்டாவது கூட்டத்துக்கு ஏன் வெள்ளிக்கிழமையை வச்சீங்க?"

"அன்னைக்கு மத்த நோயாளிங்க வர்றது குறைவு. அமைதியா வேலை பார்க்கலாம்."

"ஏன் குறைவுன்னு யோசிச்சதுண்டா?"

டாக்டர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்க்க, கலியாணசுந்தரம் இரண்டு தாள்களை வெளியே எடுத்தார்.

"ஆயிஷா, மஜீதா. இவங்களுக்கும் சிவப்பு டின்தானே? இந்த ரெண்டு பேரு மட்டும் வாராவாரம் ரெண்டு, மூணுன்னு சொல்லியிருக்காங்க. கையும் மந்தமில்லை." தாள்களை மூடி வைத்தார். "தியாகு! சிவப்பு டின்காரங்க பாக்கியலட்சுமி, சீதா, தனபாக்கியம், மூணு பேரும் இந்த வட்டாரந்தான். பசியாறிட்டு வரச் சொல்லு."

"ஒருத்தர் போதாதா அண்ணே? ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு..."

"அது சோத்துக்கு. ஆராய்ச்சிக்கு மூணே குறைச்சல். ஓடு."

தியாகு சைக்கிளில் பறந்தான். ஒரு மணி நேரத்தில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். இம்முறை ஜெயபாலனை வெளியே நிறுத்திவிட்டு டாக்டரே கேள்வி கேட்டார். முதலில் பாக்கியலட்சுமி வந்து உட்கார்ந்தார்.

"தூக்கம் எப்படி?"

"எங்க டாக்டர் தூக்கம்! கண்ணை மூடினா நெஞ்சு திக்கு திக்குங்குது. மூணு மாசமா இதே கதைதான்." சொல்லும்போதே கண் கலங்கியது. "அடுப்படியில நின்னு காரணமில்லாம அழறேன்."

டாக்டர் முந்தைய நாள் தாளைப் பார்த்தார். வரிசையாக சைபர். "நேத்து நல்லாயிருக்கேன்னு சொன்னீங்களே அம்மா?"

பாக்கியலட்சுமி அவரை ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நேத்து வெள்ளிக்கிழமை, டாக்டர்!"

குறி போடும் சோதனையில் முந்தைய நாள் இருபத்தெட்டு போட்டவர் இன்று நாற்பத்தொன்று போட்டார். மற்ற இருவர் கதையும் அதேதான். சோதனை முடிந்ததும் கலியாணசுந்தரம் ஜெயபாலனையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

"மாத்திரை தினமும் உள்ளே போகுது, டாக்டர். மருந்தோட மந்தம்னா இன்னைக்கும் இருக்கணும். இல்லை. டின் மாறியிருந்தா ஆயிஷாவும் மஜீதாவும்கூட மந்தமாகியிருக்கணும். அதுவுமில்லை. அப்போ டின்னை விட்டுடுவோம். வெள்ளிக்கிழமையன்னைக்கு நம்ம இந்துப் பொம்பளைங்க பெரும்பாலும் விரதம்; ஆயிஷாவுக்கும் மஜீதாவுக்கும் அது கிடையாது. தட்டை வச்சவர் உள்ளே போயிட்டார், பிஸ்கட் அப்படியே மிஞ்சிச்சு. பசியோட உட்கார்ந்தா கை எப்படி ஓடும்? என் வீட்டுக்காரி நேத்து விரதத்துல சீனி இல்லாம கோப்பி குடுத்தா."

"சரி, அந்த சைபர்?"

"நல்ல நாள்ல வாயால கெட்டது சொல்லக்கூடாது. சொன்னா அது வீட்டுல தங்கிடும்னு பயம். அதான் அன்னைக்கு டாக்டரைத் தேடியும் யாரும் வர்றதில்லை. ஜெயபாலன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறவர், நீங்க விடுதியிலயும் சீமையிலயும் வளர்ந்தவர். ரெண்டு பேருக்கும் இது தோணலை. உங்க அளவுகோல் சரியாத்தான் இருக்கு, டாக்டர். வச்ச நாள்தான் கோணல்."

டாக்டர் அந்தத் தாள்களை மீண்டும் ஒருமுறை புரட்டினார். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனிதரை ஏமாற்றுக்காரர் என்று எழுத இருந்தார். அழுதுகொண்டிருந்த பத்துப் பெண்களைச் சுகமானவர்கள் என்று கணக்குத் தீர்க்கவும் இருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"அடுத்த வாரத்துலேருந்து இவங்களும் புதன்கிழமையே வரட்டும். எல்லாத்தையும் முதல்லேருந்து அளப்போம். ஜெயபாலன், என்னை மன்னிச்சிடுங்க."

"அப்போ வெள்ளிக்கிழமை பிஸ்கட்?" என்று தியாகு காதோடு கேட்டான். ஜெயபாலனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

டாக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பென்சிலைக் கூர் பார்த்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "படபடப்பு எப்படி இருக்கு, டிரஸ்ஸர்? சைபரிலேருந்து மூணுக்குள்ள சொல்லுங்க."

ஜெயபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"இன்னிக்குச் சனிக்கிழமை, டாக்டர். நம்பி எழுதிக்கலாம். சைபர்."